பால்வாடி எங்க, கக்கூஸ் எத்தன, சாவி யார்கிட்ட? ஏழப்பட்ட ஏரியாவுக்கு வசதித் திட்டம் போடுறது எப்படின்னு ஒரு எளிய விளக்கம்

மதுரையில வைகைக்கு வடக்க, ஒரு வாய்க்கா ஓரமா இருக்குற ஏரியாவுலதான் நான் பொறந்து வளந்தேன். நான் காலேஜ் படிக்கும்போது அங்க ஒரு சுகாதார வளாகம், அதாவது பொதுக் கக்கூஸ் கட்டுனாங்க. பொம்பளைங்களுக்கு ஆறு ரூம், ஆம்பளைங்களுக்கு ஆறு ரூம், செவுரு பூரா டைல்ஸ், மொட்டைமாடியில ரெண்டு சின்டெக்ஸ் டேங்க், வாசல்ல கல்வெட்டு. தெறந்த அன்னைக்கு எல்லாருக்கும் அம்புட்டு சந்தோசம். எட்டே மாசத்துல பூட்டு தொங்குச்சு. மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு, அத மாத்த யாரு காசு குடுக்கணும்னு முடிவாகல, கூட்டிக் கழுவுன அக்காவுக்கு சம்பளம் நின்னு போய் அவங்க வேற வேலைக்குப் போயிட்டாங்க, கடைசியில சாவி யார்கிட்ட இருக்குன்னே ஒருத்தருக்கும் தெரியல. ஆனா எனக்கு அதவிட மனசுல தங்குனது வேற ஒண்ணு. அது நல்லா ஓடிக்கிட்டு இருந்த அந்த எட்டு மாசத்துலயும் எங்க அத்தை ஒரு நாள் கூட காலையில அதுக்குள்ள போனதில்ல. அவங்க பூ வாங்க மாட்டுத்தாவணிக்கு வெள்ளன மூணரை மணிக்கே கெளம்பிருவாங்க, வளாகம் தெறக்குறது ஆறு மணிக்கு. அவங்களும் அவங்க கூடப் போற பொம்பளைங்களும் அந்தப் புதுக் கட்டடத்தத் தாண்டி இருட்டுக்குள்ள வாய்க்கா கரைக்குத்தான் போனாங்க.

நான் இத எழுதுறதுக்கு காரணமே அதுதான். சமூக வசதித் திட்டமிடல்னு ஒரு பாடமே இருக்கு, படிச்சவங்க பெரிய பெரிய வார்த்தையில சொல்லுவாங்க, ஆனா உள்ளுக்குள்ள இருக்குறது ஆறு கேள்விதான். இங்க யார் யார் இருக்காங்க, அவங்களுக்கு என்ன வேணும், எத்தன வேணும், எங்க வச்சா நடந்து வர முடியும், எந்த நேரத்துல தெறந்திருக்கணும், பத்து வருசம் கழிச்சும் அத யாரு பாத்துக்குவாங்க. பொதுவா நம்மூர்ல முதல் நாலோட நிறுத்திர்றோம், இன்னும் சொல்லப்போனா "என்ன வேணும்"ங்கறத மட்டும் கேட்டுட்டு கட்டடத்துக்குப் போயிர்றோம். நேரமும் சாவியும்தான் விட்டுப்போகுது, அந்த ரெண்டுலதான் பாதி வசதி செத்துப் போகுது.

முதல்ல வசதின்னா என்னென்னன்னு பாத்துக்குவோம். தண்ணி, கக்கூஸ், பாதாளச் சாக்கடை, குப்பை, தெருவிளக்கு இதெல்லாம் ஒரு வகை, அடிப்படை. அப்புறம் பால்வாடி, ஸ்கூல், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, படிப்பகம், விளையாடுற எடம், சமுதாயக் கூடம், பஸ் ஸ்டாப் இதெல்லாம் இன்னொரு வகை. முதல் வகையில கொறை இருந்தா உடம்பு கெடும், ரெண்டாவதுல கொறை இருந்தா புள்ளைங்களோட வருங்காலம் கெடும்னு எனக்கு வேலை சொல்லிக்குடுத்த ஒருத்தர் சொல்லுவாரு. நான் ரெண்டையும் அப்படிப் பிரிக்க மாட்டேன், பால்வாடிக்குள்ள தண்ணி வரலைன்னா ரெண்டும் சேந்துதான் கெடுது.

"ஏழப்பட்ட ஏரியா"ன்னு எத சொல்றோம்? 2011 சென்சஸ்ல குடிசைப் பகுதிக்கு ஒரு அளவுகோல் வச்சாங்க, கொறஞ்சது 300 பேர், இல்ல 60லிருந்து 70 வீடு நெருக்கமா, சரியான கட்டுமானமோ தண்ணி சுகாதார வசதியோ இல்லாம இருந்தா அது அந்தக் கணக்குல வரும். தமிழ்நாட்டுல இதுக்குன்னே 1970ல குடிசை மாற்று வாரியம் ஆரம்பிச்சு, 1971ல சட்டமும் வந்துச்சு, 2021ல அந்த வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேரு மாத்துனாங்க. பேரு மாத்துனது நல்லதுதான், ஏன்னா மதுரையில இந்த மாதிரி ஏரியாவுக்குள்ள போனா நெறையா வீடு மெத்தை வீடா இருக்கும், டைல்ஸ் போட்டிருப்பாங்க, டிவி இருக்கும், ஆனா கக்கூஸ் இருக்காது, இருந்தாலும் அது சாக்கடையில போய்ச் சேராது, தெருவுக்குள்ள ஆம்புலன்ஸ் நுழையாது. வெளிய இருந்து பாக்குறவங்க "இவங்களுக்கு என்ன கொறச்சல்"ன்னு கேப்பாங்க. வீட்டுச் செவுத்துக்குள்ள இருக்குறது அவங்களே சம்பாரிச்சுக் கட்டுனது, செவுத்துக்கு வெளிய இருக்க வேண்டியது ஊரு குடுக்க வேண்டியது, அதத்தான் குடுக்கல.

இன்னொண்ணு, மதுரை மாநகராட்சி 1971லிருந்து இருக்கு, 2011ல எல்லையப் பெருசாக்குனாங்க. 72 வார்டு 100 ஆச்சு, 52 சதுர கிலோமீட்டர் கிட்ட இருந்த ஊரு 148 ஆச்சு. அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் எல்லாம் உள்ள வந்துச்சு. அதனால பழைய மதுரைக்குள்ள இருக்குற நெருக்கடியும், வெளியோரத்துல பாதாளச் சாக்கடையே போய்ச் சேராத பிரச்சினையும் ஒரே மாநகராட்சிக்குள்ள இருக்கு. கீரைத்துறையில எடமே இல்ல, அவனியாபுரம் தாண்டி எடம் இருக்கும் ஆனா சாக்கடை லைன் இருக்காது. ரெண்டுக்கும் ஒரே மருந்து குடுக்க முடியாது.

மருந்துன்னு சொன்னதும் ஒருத்தர் ஞாபகத்துக்கு வர்றாரு. பேட்ரிக் கெடஸ்னு ஸ்காட்லாந்துக்கார நகரத் திட்ட வல்லுநர், 1914-15ல மெட்ராஸ் மாகாணத்து ஊர்களச் சுத்திப் பாத்து அறிக்கை எழுதுனவரு, மதுரையும் அதுல உண்டு. அந்தக் காலத்துல வெள்ளக்கார இன்ஜினியர்கள் நெருக்கடியான தெருவப் பாத்தா நேரா கோடு கிழிச்சு வீட்டையெல்லாம் இடிச்சு அகல ரோடு போடுன்னுவாங்க. இவரு அதுக்கு மாறா, முதல்ல நடந்து பாரு, வீடு வீடா அளந்து பாரு, இடிஞ்சு விழுந்து கெடக்குற ஒண்ணு ரெண்ட மட்டும் எடுத்துட்டு அந்த எடத்துல கெணறு, மரம், திண்ணை, சின்ன வெளின்னு கொண்டாந்தா மிச்சப்பேர் இருந்த எடத்துலயே நல்லா இருக்கலாம்னு சொன்னாரு. நோய் என்னன்னு பாக்காம வைத்தியம் பாக்காதங்கறதுதான் அவரோட வாதம். நூறு வருசம் கழிச்சும் நமக்கு இதச் சொல்ல வேண்டியிருக்குன்னு நெனச்சா எனக்கு வருத்தமாத்தான் இருக்கு.

சரி, நடந்து பாக்குறது எப்படி? நீங்க ஒரு ஏரியாவுல வேலை பாக்கப் போறீங்கன்னா முதல்ல போய்ப் பாக்க வேண்டியது பால்வாடி டீச்சர. கவுன்சிலர அப்புறம் பாருங்க. பால்வாடி டீச்சர் கையில ஒரு கணக்கெடுப்பு நோட்டு இருக்கும், அவங்க எல்லைக்குள்ள எந்த வீட்டுல எத்தன பேர், எத்தன புள்ள, யாரு மாசமா இருக்கா, யாரு பால் குடுக்குறா எல்லாம் அதுல இருக்கும். அப்புறம் நர்ஸம்மா, அப்புறம் ரேஷன் கடை, அப்புறம் குழாயடியில நிக்கிற பொம்பளைங்க. இந்த நாலு பேர்கிட்ட உக்காந்து பேசுனா எந்த ஆபீஸ்லயும் கெடைக்காத கணக்கு கெடைக்கும். ஆனா இந்த நோட்டுல விட்டுப்போறவங்க இருக்காங்க. வாடகைக்கு வந்து ஆறு மாசத்துல மாறிப் போறவங்க, வடநாட்டுல இருந்து வந்து கட்டட வேலை பாக்குற பசங்க, ரேஷன் கார்டு இன்னும் சொந்த ஊர்லயே வச்சிருக்குறவங்க, தனியா இருக்குற கெழவங்க, நடக்க முடியாம வீட்டுக்குள்ளயே இருக்குறவங்க. கூட்டம் போட்டாலும் இவங்க வர மாட்டாங்க. அதனால ஒரு கணக்கெடுப்பு நோட்ட வச்சு, இன்னொரு தடவை வீடு வீடாப் போய்த் தட்டுறது தவிர வேற வழியே கெடையாது.

இப்ப ஒரு கணக்குப் போட்டுப் பாப்போம், அப்பத்தான் வெளங்கும். உதாரணத்துக்கு ஒரு ஏரியாவுல 5000 பேர் இருக்காங்கன்னு வச்சுக்குங்க, 1200 வீடு.

தமிழ்நாட்டு சென்சஸ் கணக்குல ஆறு வயசுக்குள்ள இருக்குற புள்ளைங்க நூத்துக்குப் பத்துப் பேர், அப்ப இங்க 500 புள்ளைங்க. 400லிருந்து 800 பேருக்கு ஒரு அங்கன்வாடின்னு விதி இருக்கு, அப்ப கொறஞ்சது ஆறு ஏழு பால்வாடி வரணும். ரெண்டு இருந்தா "அதான் இருக்கே"ன்னு சொல்லிருவாங்க, நீங்க இந்தக் கணக்கோட போனாத்தான் பேச முடியும். ஸ்கூலுக்கு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்து விதிப்படி ஒண்ணுலிருந்து அஞ்சாவது வரைக்கும் ஒரு கிலோமீட்டருக்குள்ள, ஆறுலிருந்து எட்டாவது வரைக்கும் மூணு கிலோமீட்டருக்குள்ள இருக்கணும்.

கக்கூஸ்தான் எனக்கு ரொம்ப முக்கியமானது, கொஞ்சம் நின்னு சொல்றேன். 1200 வீட்டுல 300 வீட்டுல கக்கூஸ் இல்லன்னு வச்சுக்குங்க, அது 1200 பேர், பாதிக்குப் பாதி 600 பொம்பளைங்க 600 ஆம்பளைங்க. தூய்மை இந்தியா திட்டத்து அளவுப்படி சமுதாயக் கழிப்பறையில ஆம்பளைங்க 35 பேருக்கு ஒரு சீட்டு (அதாவது ஒரு கக்கூஸ் ரூம்), பொம்பளைங்க 25 பேருக்கு ஒரு சீட்டு. அப்ப ஆம்பளைங்களுக்கு 18, பொம்பளைங்களுக்கு 24. ரெண்டு பக்கமும் சமமா கட்டுனா சமமாச் செஞ்சதா ஆகாது, ஏன்னா பொம்பளைங்களுக்கு நேரம் அதிகம் ஆகும், சேலை இருக்கு, மாதவிடாய் இருக்கு, கூட ஒரு சின்னப் புள்ள இருக்கும். இப்ப எங்க ஏரியா வளாகத்துக்கு வாங்க, பொம்பளைங்களுக்கு ஆறே ரூம். 600 பேருக்கு ஆறுன்னா ஒரு ரூமுக்கு 100 பேர். ஒருத்தருக்கு அஞ்சு நிமிசம்னு வச்சா 500 நிமிசம், எட்டு மணி நேரத்துக்கு மேல வரிசை. 25 பேருக்கு ஒண்ணுன்னா 125 நிமிசம், ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அதுல எல்லாரும் போயிட்டு வேலைக்குக் கெளம்பலாம். அந்த 25ங்கற நம்பர் எங்கிருந்து வந்துச்சுன்னு இப்ப உங்களுக்கே புரியும், காலை நேரத்து அவசரத்துலதான் அந்த நம்பருக்கே அர்த்தம் இருக்கு.

தண்ணிக்கும் இதே மாதிரி ஒரு அளவு இருக்கு. பாதாளச் சாக்கடை இருக்குற ஊர்ல ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், தெருக்குழாயில புடிக்கிறவங்களுக்கு 40 லிட்டர்னு மத்திய அரசு கையேட்டுல இருக்கு. அஞ்சு பேர் வீட்டுக்கு 40 லிட்டர்னாக்கூட 200 லிட்டர், பன்னெண்டு லிட்டர் புடிக்கிற பிளாஸ்டிக் குடத்துல பதினாறு பதினேழு நடை. அத தூக்குறது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குள்ள குழாய் வந்தா 135, தெருவுல நின்னா 40ன்னு கையேடே ஒத்துக்குது, அப்ப தெருக்குழாய எண்ணிக்கையில கூட்டிக்கிட்டே போறத விட வீட்டு இணைப்புக்குப் போராடுறதுதான் சரின்னு நான் நெனைக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு கணக்கு வேற மாதிரி வரும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் 50,000 பேருக்கு ஒண்ணு, அப்ப நம்ம 5000 பேர் ஏரியாவுக்குன்னு தனியா ஒண்ணு கேட்டா கெடைக்காது. ஆனா அதே திட்டத்துல, 2013ல வந்த தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்துலயே, அந்த நிலையம் ஏழை ஏரியாவுக்குள்ளயோ அரை கிலோமீட்டர் பக்கத்துலயோ இருக்குறது நல்லது, சாயங்கால ஓபி இருக்கணும்னு எழுதியிருக்கு. பத்து ஏரியாவுக்கு நடுவுல ஒண்ணு வரப்போகுதுன்னா அது யாருக்கு அரை கிலோமீட்டர்ல வரணும்ங்கறதுதான் நாம பேச வேண்டிய பேச்சு. பெரியாஸ்பத்திரி இருக்குல்லன்னு சொல்லுவாங்க. ராஜாஜி ஆஸ்பத்திரி இந்தத் தென்மாவட்டங்களுக்கே ஆதாரம், அதுல எனக்கு நன்றி உண்டு, ஆனா சுகர் மாத்திரைக்கும் புள்ளைக்கு காய்ச்சலுக்கும் ஒரு நாள் கூலியப் போட்டுட்டு அங்க போய் நிக்கிறதுக்கு அது இல்ல. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் சுகர், பிரஷர் மாத்திரைய வீட்டுக்கே கொண்டாந்து குடுக்குதுன்னா அது இந்தத் தூரத்தையும் நேரத்தையும் யோசிச்சுச் செஞ்ச ஒண்ணு.

பார்க்கு? ஆளுக்கு 10லிருந்து 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேணும்னு மத்திய அரசோட நகரத் திட்ட வழிகாட்டுதல்ல இருக்கு. 5000 பேருக்கு 50,000 சதுர மீட்டர், பன்னெண்டு ஏக்கருக்கு மேல. ஜெய்ஹிந்துபுரத்துலயோ முனிச்சாலையிலயோ பன்னெண்டு ஏக்கருக்கு எங்க போறது? இந்த எடத்துல விதிய மட்டும் புடிச்சுக்கிட்டு தொங்கக் கூடாது. மாநகராட்சி ஸ்கூல் மைதானம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல பூட்டிக் கெடக்கும், அத எட்டு மணி வரைக்கும் தெறந்து விடலாம். பழைய கிராமமா இருந்த எடத்துல மந்தைன்னு ஊர்ப் பொது எடம் இருக்கும், சாவடி இருக்கும், கோயில் பொட்டல் இருக்கும். கண்மாய் கரையில நடக்குறதுக்கு எடம் பண்ணி விளக்குப் போடலாம். ஒண்ணு மட்டும் கவனம், இது எல்லாத்துலயும் பசங்க வந்து கிரிக்கெட் ஆட ஆரம்பிச்சா பொண்ணுங்க வெளிய போயிருவாங்க, அதனால பொண்ணுங்களுக்குன்னு நேரமோ எடமோ முதல்லயே பேசி வச்சுக்கணும்.

அடுத்தது எங்க வைக்கிறதுங்கறது. மேப்ல ஸ்கேல் வச்சு அளந்தா 300 மீட்டர்னு காட்டும், நடந்தா 900 மீட்டர் இருக்கும், ஏன்னா நடுவுல ரயில்வே லைன் போகும், இல்ல கிருதுமால் நதி போகும், இல்ல பைபாஸ் ரோடு போகும், பாலம் அங்கிட்டு இருக்கும். மூணு வயசுப் புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு, கையில பையோட, லாரி வர்ற ரோட்டத் தாண்டணும்னா அந்த பால்வாடி அந்தத் தெருவுக்கு இல்லன்னுதான் அர்த்தம். அதனால நான் எப்பவும் சொல்றது, கூட ஒரு பாட்டியையோ கைப்புள்ளக்காரியையோ கூட்டிக்கிட்டு அவங்க வேகத்துல நடந்து பாருங்க, எத்தன எடத்துல நிக்கிறாங்க, எங்க சுத்திப் போறாங்கன்னு குறிச்சுக்குங்க. சில எடத்துல தூரமே இல்லாட்டிக் கூட போக மாட்டாங்க. முக்குல டாஸ்மாக் கடை இருக்கும், சாயங்காலம் அந்த வழியா பொம்பளைப் புள்ளைங்க டியூஷனுக்குப் போகாது. சாதி வேறயா இருக்குற தெருவுக்குள்ள இருக்குற கூடத்துக்கு இன்னொரு தெருக்காரங்க வர யோசிப்பாங்க. இது வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, ஆனா கணக்குல எடுக்காம விட்டா கட்டடம் ஒரு தெருவுக்கு மட்டும் ஆயிரும்.

மேடு பள்ளத்தையும் பாக்கணும். 2024 அக்டோபர்ல ஒரு நாள் பேஞ்ச மழைக்கு பந்தல்குடி வாய்க்கா பொங்கி செல்லூர் பக்கம் வீடுகளுக்குள்ள தண்ணி பூந்துச்சு, மதுரைக்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க. அந்த மாதிரி ஏரியாவுல புறம்போக்குன்னு மிச்சம் கெடக்குற எடம் பொதுவா பள்ளமான எடமாத்தான் இருக்கும், ஏன் மிச்சம் கெடக்குதுன்னா அதுதான் காரணம். அங்க போய் பால்வாடியக் கட்டுனா முதல் மழையில சத்துமாவு மூட்டை நனைஞ்சு போகும்.

இப்ப நேரத்துக்கு வர்றேன். மதுரையில ஏழை ஏரியாவுக்குன்னு ஒரு கடிகாரம் இருக்கு. மார்க்கெட்டுக்குப் போறவங்க மூணு மணிக்கு எந்திரிப்பாங்க, தூய்மைப் பணியாளர்கள் விடியக்காலையிலயே வேலையில நிப்பாங்க, வீட்டு வேலைக்குப் போறவங்க ஏழு மணிக்கெல்லாம் அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் போயிருவாங்க, கொத்தனார் சித்தாள் எட்டு மணிக்கு வேலைக்கு ஆள் எடுக்குற எடத்துல நிக்கணும், பூக்கட்டுறவங்களும் அப்பளம் போடுறவங்களும் வீட்லயே இருப்பாங்க ஆனா வேலை முடியிற வரைக்கும் நகர முடியாது. ஆபீஸ் வசதியெல்லாம் பத்துலிருந்து அஞ்சு. ரெண்டு கடிகாரமும் ஒண்ணுக்கொண்ணு சந்திக்கவே சந்திக்காது. நீங்க ஒரு பேப்பர்ல இருவத்திநாலு மணி நேரத்தையும் கோடு போட்டு, ஒவ்வொரு வேலைக்காரங்களும் எப்ப வீட்டுல இருக்காங்கன்னு கலர் அடிச்சுப் பாருங்க, அதுக்குக் கீழ பால்வாடி, ஓபி, ரேஷன் கடை, வளாகம், தண்ணி விடுற நேரம் எல்லாத்தையும் குறிச்சுப் பாருங்க. இடைவெளி பல்லு விழுந்த மாதிரி தெரியும்.

அந்த இடைவெளியப் பாத்துச் செஞ்சா என்ன ஆகும்னு காட்டுறதுக்கு நம்ம ஊர்லயே உதாரணம் இருக்கு. 2022 செப்டம்பர் 15, நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப்பள்ளியில முதல்வர் காலை உணவுத் திட்டத்த ஆரம்பிச்சு வச்சாரு. முதல்ல 1545 ஸ்கூல், 1.14 லட்சம் புள்ளைங்க, அடுத்த வருசம் 2023 ஆகஸ்ட் 25லிருந்து மாநிலம் பூரா அரசு தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துருச்சு. மத்தியானச் சத்துணவு பல வருசமா இருக்கு, ஆனா காலையில அம்மா அப்பா ரெண்டு பேரும் வெள்ளனா வேலைக்குப் போற வீட்டுல புள்ளைங்க வெறும் வயித்தோட வந்து பன்னெண்டு மணி வரைக்கும் உக்காந்திருந்துச்சுங்க. அந்தக் காலை நேரத்துல ஒரு ஓட்டை இருந்துச்சு, அத அடைச்சாங்க. ஸ்கூல் ஏற்கனவே இருந்த எடம், புள்ளைங்க ஏற்கனவே வர்ற எடம், அங்க சமைச்ச சாப்பாடு மட்டும் போய்ச் சேர்ற மாதிரி பண்ணுனாங்க. புது வசதி வேணும்னா புதுக் கட்டடம்தான் வேணும்னு இல்லங்கறதுக்கு இதவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியல.

காசு எங்கிருந்து வருது, அதுலதான் சாவி விசயமே இருக்கு. எம்பிக்கு தொகுதி மேம்பாட்டு நிதி வருசத்துக்கு 5 கோடி. அதுல 15 சதவீதம் பட்டியல் சாதி மக்கள் இருக்குற பகுதிக்கும், 7.5 சதவீதம் பழங்குடி மக்கள் இருக்குற பகுதிக்கும் செலவு பண்ணணும்னு வழிகாட்டுதல் இருக்கு, இது நெறையா பேருக்குத் தெரியாது, கேட்டு வாங்கணும். ஆனா அந்த நிதியில கட்டடம் மாதிரி நிலைச்சு நிக்கிற சொத்துதான் செய்யலாம், மாசாமாசம் வர்ற சம்பளமோ கரண்ட் பில்லோ அதுல குடுக்க முடியாது. ஏன் ஊரெல்லாம் கட்டடமா நிக்குது, உள்ள ஆளில்லங்கறதுக்கு பாதிக் காரணம் இங்க இருக்கு. கட்டுற காசு ஒரு தடவை வர்ற காசு, அது கெடைக்கிறது சுலபம், கல்வெட்டுல பேரும் வரும். கூட்டிக் கழுவுற காசு மாசாமாசம் வேணும், அதுக்கு கல்வெட்டு கெடையாது. அதனால எஸ்டிமேட் போடும்போதே இன்னொரு பேப்பர் போடுங்க. கழுவுற ஆளுக்கு மாசம் எவ்வளவு, பினாயில் பிளீச்சிங் பவுடர் எவ்வளவு, கரண்ட் எவ்வளவு, மோட்டார் ரிப்பேருக்குன்னு மாசம் எவ்வளவு ஒதுக்குறது, இது எந்த ஆபீஸ் கணக்குல இருந்து வரும், கையெழுத்து போடுறது யாரு. இந்தப் பேப்பர் காலியா இருந்தா கட்டடத்துக்கு அவசரப்படாதீங்கன்னு நான் கண்டிப்பாச் சொல்லுவேன், ஏன்னா பூட்டிக்கெடக்குற கட்டடம் இருந்தா அடுத்த தடவை கேக்கும்போது "போன தடவை குடுத்தத என்ன பண்ணுனீங்க"ன்னு அந்த ஏரியா ஜனத்தத்தான் கேப்பாங்க.

நிலத்தப் பத்தி சுருக்கமாச் சொல்லிர்றேன். எடம் யாருதுன்னு தாலுகா ஆபீஸ் பதிவுல பாக்காம எதையும் வரைய வேணாம். கண்மாய், வாய்க்கா புறம்போக்குன்னா அதுல பட்டாவும் கெடைக்காது, கட்டுனாலும் கோர்ட்ல நிக்காது. மாநகராட்சி எடமா, வருவாய்த்துறை எடமா, கோயில் எடமா, ரயில்வே எடமாங்கறத வச்சு எந்த ஆபீஸ்ல அனுமதி வாங்கணும்னு மாறும்.

யார்கிட்ட போய்க் கேக்குறது? 1992ல 74வது அரசியல் சட்டத் திருத்தம் வந்துச்சு, 1993ல நடைமுறைக்கு வந்துச்சு, அதுல குடிசைப் பகுதி மேம்பாடு, நகர்ப்புற வறுமை ஒழிப்பு எல்லாம் நகராட்சிகளுக்குக் குடுக்கக்கூடிய வேலைன்னு பட்டியல்லயே இருக்கு, மூணு லட்சம் பேருக்கு மேல இருக்குற ஊர்ல வார்டு குழு இருக்கணும்னும் இருக்கு. 2022 பிப்ரவரியில உள்ளாட்சித் தேர்தல் நடந்து கவுன்சிலருங்க வந்த பிறகு, அந்த வருசம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்னைக்கு நகரங்கள்ல பகுதி சபைக் கூட்டம் நடந்துச்சு. கிராம சபை மாதிரி நகரத்துக்குள்ள இருக்குறவங்களுக்கும் ஒரு சபை. அங்க போய் "எங்களுக்கு வசதி இல்ல"ன்னு பொதுவாப் பேசுனா எழுதிக்கிட்டு விட்டுருவாங்க. "இந்த ஆறு தெருவுல இத்தன வீடு, இத்தன பேருக்கு கக்கூஸ் இல்ல, விதிப்படி பொம்பளைங்களுக்கு 24 சீட்டு வரணும், இருக்குறது ஆறு, அதுவும் ஆறு மணிக்குத்தான் தெறக்குது"ன்னு ஒரு பக்கத்துல எழுதிக் குடுத்தா ஏஇ (உதவிப் பொறியாளர்) உக்காந்து படிப்பாரு. நல்ல அதிகாரிங்க நெறையா பேர் இருக்காங்க, அவங்களுக்கு மேல எழுதுறதுக்கு ஒரு நம்பர் வேணும், அந்த நம்பர நாம கையில குடுக்கணும். அங்க நடக்கலைன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள் இருக்கவே இருக்கு, அதுலயும் இதே பேப்பரத்தான் குடுங்க, ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு மாதிரி எழுதாதீங்க.

கூட்டம் கூட்டும்போது யாரு பேசுறாங்கன்னு பாருங்க. எங்க பக்கம் கூட்டம்னாலே பெரியவர் நாலு பேர் முன்னாடி நாற்காலியில உக்காந்துருவாங்க, அவங்க சமுதாயக் கூடம் கேப்பாங்க, இல்ல ஆர்ச் கேப்பாங்க. பொம்பளைங்க பின்னாடி நின்னு கேட்டுட்டுப் போயிருவாங்க. ஒரு தடவை நாங்க பொம்பளைங்கள மட்டும் ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒரு வீட்டு வாசல்ல உக்காரவச்சு, ஆளுக்கு மூணு புளியங்கொட்டை குடுத்து, தரையில சாக்பீஸ்ல தண்ணி, கக்கூஸ், விளக்கு, பால்வாடி, கூடம்னு கட்டம் போட்டு, எது முதல்ல வேணுமோ அதுல போடுங்கன்னு சொன்னோம். கூடத்துல ஒரே ஒரு கொட்டை. விளக்குல குமிஞ்சிருச்சு. நாங்க யாருமே விளக்க எதிர்பாக்கல. கேட்டா, கக்கூஸ் இருந்தாலும் அதுவரைக்கும் இருட்டுக்குள்ள எப்படிப் போறதுன்னு ஒரு மதினி கேட்டாங்க.

எங்க வளாகத்துக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னா, ரெண்டு வருசம் பூட்டியே கெடந்துச்சு. மகளிர் குழு அக்காமாரு அஞ்சு பேர் சேந்து, நாங்க பாத்துக்குறோம் சாவியக் குடுங்கன்னு எழுதிக் குடுத்தாங்க, மேல சொன்ன அந்த ரெண்டாவது பேப்பர் மாதிரி ஒண்ணையும் கூட வச்சுத்தான் குடுத்தாங்க. மோட்டார் மாத்துனாங்க. வீட்டுக்கு மாசம் இவ்வளவுன்னு ஒரு சின்னத் தொகை பேசி வச்சாங்க, வயசானவங்களுக்கும் புள்ளைங்களுக்கும் காசு கெடையாது. சாவி இப்ப வளாகத்துக்கு எதிர் வீட்டு அக்காகிட்ட இருக்கு, அவங்களும் பூ மார்க்கெட்டுக்குப் போறவங்கதான், மூணு மணிக்கு எந்திரிச்சதும் முதல் வேலையா கதவத் தெறந்து தண்ணி போட்டுருவாங்க. எங்க அத்தைக்கு இப்ப முட்டி வலி, ஆனாலும் அங்கதான் போறாங்க. ரூம் இன்னமும் ஆறேதான், கூடுதலா கேட்டு எழுதுனது மண்டல ஆபீஸ்ல இருக்கு. வளாகத்துக்குப் போற சந்துல மூணு கம்பத்துல ஒண்ணுதான் எரியுது, அடுத்த பகுதி சபைக்கு அந்தக் கம்பத்து நம்பரத்தான் எழுதி எடுத்துட்டுப் போறோம்.